வாக்குக் கேட்டவரின் கருத்தும் வாக்களிப்பவரின் பொறுப்பும்
(காயிதே மில்லத் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்)

   

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் மகாராஜபுரத்துத் தெருக்களிலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் வலம் வருகின்றன. ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருவோரைக் கைகூப்பி வரவேற்க வேட்பாளர்களும் அவர்தம் ஆதரவாளர்களும் காத்து நிற்கின்றனர். எந்தக் கூட்டணி வலியது, யாருக்கு எந்தத் தெருவில் எத்தனை வாக்கு என்பனவற்றை நாம் தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் விரிவாகப் பேசுகிறோம். ஆனால், “இவர் சட்டமன்றத்துக்குச் சென்றால் எந்தப் பிரச்சினையில் எந்தக் கருத்தை எடுத்துரைப்பார்? அக்கருத்து தோற்றுப்போனால் என்ன செய்வார்?” என்னும் வினாவை நம்மில் கேட்பவர் மிகச் சிலரே.

இவ்வினாவுக்கு விடை காண நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1946ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் வேட்பாளராக நின்று வென்று, ஆறாண்டுக் காலம் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்த மர்ஹூம் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்களே அவர். சமுதாயத்தின் வழிகாட்டி எனப் பொருள்படும் ‘காயிதே மில்லத்’ என்னும் பெயராலேயே அவரை நாம் அறிவோம். அவருடைய பெயரில் கல்லூரிகள் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டம்கூட 1990களில் சில ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. எனினும் அன்றைய முக்கியப் பிரச்சினைகளில் அவர் கொண்டிருந்த கருத்துகள் யாவை, அவற்றுக்கு அவர் கூறிய காரணங்கள் யாவை, அவற்றை மறுத்தோர் என்ன கூறினர் என்பதை அறிந்தோர் நம்மிடையே குறைவு. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் பொதுவாழ்வும்

இஸ்மாயில் சாஹிப் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். திருநெல்வேலியிலும், பின்னர் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்ற இஸ்மாயில் சாஹிப், 1920இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தபோது பட்டப்படிப்பை இடையிலேயே துறந்து வெளியேறினார். அதன்பின் தோல் வணிகத்தில் ஈடுபட்டுச் சென்னை வணிகர்களிடையே நன்மதிப்புப் பெற்றார். 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். மறு ஆண்டே சட்டசபைத் தேர்தல் வந்தது.

அத்தேர்தலின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்கு உண்டு. 1946இல் அவ்வாறில்லை. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளில் ஒன்றையேனும் பெற்றவர்க்கே வாக்குரிமை. ஏழை உழவரும் நெசவாளரும் கூலித் தொழிலாளரும் பெரும்பாலும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மேலும், 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னைச் சட்டசபையில் இருந்த 215 இடங்களுள் 28 இடங்கள் முஸ்லிம் தொகுதிகளாகும். அத்தொகுதிகளில் வேட்பாளரும் முஸ்லிம், வாக்காளரும் முஸ்லிம். 1909ஆம் ஆண்டின் மிண்டோ–மார்லி சீர்திருத்தத்தால் வந்த இம்முறைக்குத் ‘தனி வாக்காளர் தொகுதி’ என்று பெயர்.

அத்தேர்தலில் நாடெங்கும் லீக் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை பாகிஸ்தான் என்பதை மறைப்பதற்கில்லை. வரைபடத்தில் எந்தக் கோடு கிழித்தாலும் திருநெல்வேலியும் இராமநாதபுரமும் மலபாரும் அந்நாட்டுக்குள் வரப்போவதில்லை. இருந்தும் சென்னை மாகாண முஸ்லிம் வாக்காளர்கள் லீகையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தனர். அதன் விளைவைப் பின்னர் அவர்களே சுமக்க வேண்டியிருந்தது. 1947 ஆகஸ்டுக்குப் பின், “கேட்ட நாடு கிடைத்துவிட்டதே, இன்னும் இங்கே எதற்கு லீக்?” என்னும் கேள்வி ஒவ்வொரு ஊரிலும் எழுந்தது. இக்கேள்விக்கு விடைகூறும் பொறுப்பு இஸ்மாயில் சாஹிபின் தோள்மீது விழுந்தது.

சபையின் இரு பக்கங்கள்

1946 முதல் 1952 வரை சென்னையில் மூன்று மந்திரிசபைகள் ஆண்டன. முதலில் ஆந்திர கேசரி பிரகாசம். 1947 மார்ச்சு முதல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949 ஏப்ரல் முதல் நம் பகுதிக்குப் பெருமை சேர்த்த ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்திய நெறியில் ஊறிய ராஜா அவர்கள் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கியவர் என்பதை நம் பெரியவர்கள் அறிவர். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் நாடு குடியரசாயிற்று. முதன்மந்திரி என்னும் பதவி முதலமைச்சர் என்றாயிற்று.

ஆக, 1949 முதல் 1952 வரை சென்னைச் சட்டசபையில் ஆளுந்தரப்பின் தலைமை இடத்தில் ராஜபாளையத்தார். எதிர்த்தரப்பின் தலைமை இடத்தில் பேட்டையார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு பகல் பயணத் தொலைவுகூட இல்லை. ஒருவர் பெரும்பான்மையின் பலத்தோடு ஆள வேண்டியவர். மற்றவர் எக்காலத்தும் ஆட்சிக்கு வர இயலாத ஒரு சிறு அணியை வைத்துக்கொண்டு கருத்துரைக்க வேண்டியவர். எண்ணிக்கையால் வெல்ல முடியாதவனுக்குச் சபையில் எஞ்சியிருப்பது வாதம் ஒன்றே. அவ்வாதத்தைக் கண்ணியமாக எடுத்துரைத்தலே அவன் கடமை.

அந்தக் காலத்தில் லீகைக் கலைத்துவிடுமாறு பல முனைகளிலிருந்தும் வற்புறுத்தல் வந்தது. 1947 டிசம்பரில் லக்னோவில் கூடிய முஸ்லிம்கள் மாநாட்டில் மௌலானா அபுல்கலாம் ஆஸாத் அவர்கள் வகுப்பு அடிப்படையிலான அரசியல் கட்சிகளைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். அதே மாதம் கராச்சியில் கூடிய பழைய லீகின் கவுன்சில், இரு நாடுகளுக்கும் இரு தனி அமைப்புகள் எனப் பிரிந்தது. இந்தியப் பகுதியின் அமைப்பாளராக இஸ்மாயில் சாஹிப் நியமிக்கப்பட்டார். 1948 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் அவர் தலைமையில் கூடிய கூட்டத்தில், இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் இயக்கம் தொடர்வதென முடிவாயிற்று.

ஆஸாத் அவர்களின் அறிவுரையும் சமுதாய நலன் கருதியதே; இஸ்மாயில் சாஹிபின் முடிவும் அந்நலன் கருதியதே. ஒரே நோக்கம் கொண்ட இரு பெரியார்கள் இருவேறு வழிகளைக் கண்டனர். ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவரைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்குமாயின் அதைக் கைவிடுதல் நன்று.

1948 முதல் இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் பணியாற்றினார். சென்னையில் எதிர்க்கட்சித் தலைவர், டில்லியில் அரசியல் சட்டம் இயற்றுவோருள் ஒருவர் என இரண்டு பொறுப்புகள். சென்னையிலிருந்து அங்குச் சென்ற போக்கர் சாஹிப், மஹபூப் அலி பேக் சாஹிப், கே.டி.எம். அகமது இப்ராஹீம் சாஹிப் ஆகியோரும் அவருடன் தோள்கொடுத்தனர். அங்கே மூன்று பிரச்சினைகளில் அவர் கொண்ட நிலைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் பிரச்சினை: பிரதிநிதித்துவம்

சிறுபான்மையோர் சட்டசபைகளில் எவ்வாறு இடம்பெறுவது? இதற்கு மூன்று வழிகள் பேசப்பட்டன. முதல் வழி, பழைய தனி வாக்காளர் தொகுதி. இரண்டாம் வழி, இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு அனைவரும் சேர்ந்து வாக்களிப்பது. மூன்றாம் வழி, எவ்வித ஒதுக்கீடும் இன்றிப் பொதுத் தொகுதியிலேயே போட்டியிடுவது. சிறுபான்மையோருக்கான ஆலோசனைக் குழுவின் தலைவர் சர்தார் பட்டேல், மதச் சிறுபான்மையோருக்கு மூன்றாம் வழியே உரியது என்னும் அறிக்கையை 1949 மே மாதம் சபைமுன் வைத்தார்.

இஸ்மாயில் சாஹிப் அதற்குத் திருத்தம் கொண்டுவந்து, தனி வாக்காளர் தொகுதிகள் நீடிக்க வேண்டும் என்றார். ஒரு சமூகத்தின் குறைகளைச் சபையில் எடுத்துரைப்பவர் அச்சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றவராக இருத்தல் வேண்டும். பிறர் வாக்கால் வென்றவர் தம் மக்களின் உள்ளக்கிடக்கையைத் தயக்கமின்றிச் சொல்ல இயலாது. சிறுபான்மையோர் நிறைவோடு இருந்தால்தான் நாட்டில் இணக்கம் நிலவும் என்பன அவர் வாதத்தின் சாரம்.

எதிர்த்தரப்பின் வாதமும் வலிமையுடையதே. தனித் தொகுதி முறை மக்களைப் பிரித்து வைத்தது. பிரிவினைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. புண் ஆறாத வேளையில் அதையே மீண்டும் கேட்பது முறையாகாது என்று பட்டேல் உறுதியாக மறுத்தார். லீகின் உறுப்பினராகவே சபைக்கு வந்த உத்தரப் பிரதேசத்து பேகம் அய்ஜாஸ் ரசூல் அவர்களும், ஒதுக்கீடு சிறுபான்மையோரைப் பெரும்பான்மையோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்று கூறி அதனை எதிர்த்தார். ஆக, முஸ்லிம் உறுப்பினர்களிடையேயும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. இஸ்மாயில் சாஹிபின் திருத்தம் தோல்வியுற்றது.

பட்டியல் சாதியினருக்கு இரண்டாம் வழி, அதாவது அனைவரும் சேர்ந்து வாக்களிக்கும் தனித்தொகுதி முறை, நிலைபெற்றது. நம் அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் 2011 தேர்தல் முதல் அத்தகைய தனித்தொகுதியாக இருப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வாக்களிப்போர் அனைத்துச் சமூகத்தினரும். இம்முறையில் வெல்பவர் எல்லோரிடமும் வாக்குக் கேட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு நன்மை. தம் மக்களின் குறையை எவ்வளவு உரத்துச் சொல்ல முடிகிறது என்பது எஞ்சி நிற்கும் வினா. 1949இல் எழுந்த அந்த வாதம் இன்றும் முடிந்துவிடவில்லை.

இடஒதுக்கீட்டின் மற்றொரு முகமான கல்வியும் அரசுப் பணியும் குமாரசாமி ராஜாவின் ஆட்சியில் பெரும் சோதனைக்கு உள்ளாயின. சென்னை மாகாணத்தில் அப்போது நடைமுறையில் இருந்த வகுப்புவாரி ஆணைப்படி, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என வகுக்கப்பட்டிருந்தது. செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தமிழகமெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அவ்வாண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பாருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. 14இல் 1 என்ற அந்தப் பழைய பங்கு அவ்வடிவில் மீண்டும் வரவில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டில் சட்டமானது 2007இல்தான். இடையே கழிந்தவை 56 ஆண்டுகள்! ஒரு சட்டமன்றத்தில் ஒரு கருத்து எடுத்துரைக்கப்படுவதும் படாததும் எத்தனை தலைமுறைகளைத் தொடுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் பிரச்சினை: தனியார் சட்டம்

1948 நவம்பர் 23ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பொது உரிமையியல் சட்டம் பற்றிய விதி விவாதத்துக்கு வந்தது. வரைவில் 35ஆம் விதியாக இருந்த இதுவே இன்றைய 44ஆம் விதியாகும். இஸ்மாயில் சாஹிப் எழுந்து, எந்த ஒரு குழுவினரும் பிரிவினரும் சமூகத்தினரும் தமக்கென ஒரு தனியார் சட்டம் இருக்குமாயின் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார்.

இத்திருத்தத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதில் முஸ்லிம் என்னும் சொல்லே இல்லை. எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான உரிமையாகவே அவர் அதைக் கேட்டார். திருமணம், வாரிசுரிமை போன்றவை மக்களின் சமயத்தோடும் பண்பாட்டோடும் பின்னிப் பிணைந்தவை. சமயச் சார்பற்ற அரசு அவற்றில் தலையிடாதிருத்தலே முறை என்பது அவர் வாதம். முதல் உலகப் போருக்குப் பின் உருவான செர்பியர், குரோசியர், ஸ்லோவீனியர் அரசு, தன் நாட்டு முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்கு உடன்படிக்கை வாயிலாக அளித்த பாதுகாப்பையும் அவர் எடுத்துக்காட்டினார். வெறும் உணர்ச்சியால் பேசாது, பிற நாட்டு ஆவணத்தைத் தேடிப் படித்துச் சபைமுன் வைத்த அவருடைய உழைப்பு நம் இளைஞர்களுக்குப் பாடமாகும்.

கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் டாக்டர் அம்பேத்கரும் அவருக்கு மறுமொழி கூறினர். குற்றவியல், ஒப்பந்தம், சொத்து மாற்றம் ஆகியவற்றில் ஏற்கெனவே நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் உள்ளது. எஞ்சியிருப்பவை திருமணமும் வாரிசுரிமையுமே என்றார் அம்பேத்கர். வடமலபாரில் முஸ்லிம்களிடையே மருமக்கத்தாயம் வழங்கியதைச் சுட்டி, முஸ்லிம் தனியார் சட்டமும் எங்கும் ஒரே சீராக இருந்ததில்லை என்றும் வாதிட்டார். அதே வேளையில், வருங்கால நாடாளுமன்றம் அச்சட்டத்தை விரும்பி ஏற்போருக்கு மட்டும் முதலில் பொருந்துமாறு செய்யலாம் என ஒரு வழியையும் அவர் காட்டினார். இஸ்மாயில் சாஹிபின் திருத்தம் இங்கும் தோல்வியுற்றது. எனினும் அவ்விதி நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்த இயலாத வழிகாட்டு நெறியாகவே சட்டத்தில் இடம்பெற்றது.

இது டில்லியின் விவகாரம், சட்டமன்ற வேட்பாளருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவை அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. ஆகவே மாநிலச் சட்டமன்றமும் அவற்றில் சட்டம் இயற்றலாம். 2024இல் உத்தராகண்ட் சட்டமன்றம் பொது உரிமையியல் சட்டத்தை நிறைவேற்றியது இவ்வதிகாரத்தைக் கொண்டேயாகும். எனவே இவ்வினாவை எம்.எல்.ஏ. ஆக விரும்புவோரிடமும் கேட்டறிதல் நம் உரிமை.

மூன்றாம் பிரச்சினை: மொழி

தமிழக முஸ்லிம்களுள் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். 1938இல் ராஜாஜியின் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, சட்டசபையில் அதை எதிர்த்த திருச்சி கலீஃபுல்லாஹ் சாஹிப், தாம் ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருதுவன்று, தமிழே என்றும், அதில் தமக்குப் பெருமையே என்றும் முழங்கினார். அந்த மரபில் வந்தவரே இஸ்மாயில் சாஹிப்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது அவருடைய நிலை இரு கூறுகளைக் கொண்டதாயிருந்தது. நாட்டுக்கு ஒரு பொது மொழி வேண்டுமாயின், காந்தியடிகள் விரும்பியவாறு தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியே ஏற்றது என்றார். பழைமையையும் வளத்தையும் அளவுகோலாகக் கொள்வதாயின் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளுக்கே முன்னுரிமை உண்டு என்பதையும் அச்சபையில் பதிவுசெய்தார். நம் மேடைகளில் இரண்டாம் கூற்றை மட்டும் எடுத்துரைத்து முதற்கூற்றை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரியாரைப் போற்றுவோர் அவர் கூறியதை முழுமையாகவே கூறுதல் வேண்டும். வட இந்திய முஸ்லிம்களின் எழுத்தையும், தமக்குத் தாய்ப்பால் ஊட்டிய மொழியின் தகுதியையும் ஒரே உரையில் காக்க முயன்ற தலைவர் அவர். அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய உள்ளத்தின் விரிவு விளங்கும்.

முடிவில் தேவநாகரி எழுத்திலான இந்தி ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலத்துக்குப் 15 ஆண்டுகள் தவணை தரப்பட்டது. தவணை முடிந்த 1965இல் தமிழகம் கொந்தளித்ததும், 1968 ஜனவரியில் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் அனைவரும் அறிந்தவையே.

1952: மக்கள் அளித்த தீர்ப்பு

புதிய அரசியல் சட்டத்தின்கீழ் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் சென்னையில் 1952 ஜனவரியில் நடைபெற்றது. உணவுப் பற்றாக்குறையும் பங்கீட்டு முறையின் நெருக்கடியும் மக்களை வாட்டிய காலம் அது. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தம் சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோல்வியைத் தழுவினார். அவருடைய மந்திரிகள் பலரும் தோற்றனர். தனிப்பட்ட வாழ்வில் அப்பழுக்கற்றவரென்று போற்றப்பட்ட ஒருவரை, அவரை நன்கறிந்த மக்களே மாற்றினர். நல்லவர் என்ற பெயரோடு வயிற்றுக்குச் சோறு கிடைக்கும் வழியையும் வாக்காளர் கேட்டனர் என்பதே அத்தீர்ப்பின் பொருள். ராஜா அவர்கள் அத்தீர்ப்பை ஏற்றுப் பதவி விலகினார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார்.

லீகுக்கு அத்தேர்தலில் கிடைத்தவை 5 இடங்கள். தனித் தொகுதிகள் ஒழிந்தபின் விளைந்த மாற்றம் அது. எதிர்க்கட்சி வரிசையின் தலைமையும் வேறு கைகளுக்கு மாறியது. இந்நிலையில் இஸ்மாயில் சாஹிப் வாய்மூடி இருந்தாரல்லர். வன்முறைப் பேச்சுக்கும் இடந்தந்தாரல்லர். தாம் எதிர்த்து வாக்களித்த முறையையே ஏற்று, அதற்குள் நின்று உழைத்தார். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மலபாரின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து வென்று மக்களவையிலும் பணியாற்றினார். 1962இல் சீனப் போர் மூண்டபோது தம் மகனைப் படைக்கு அனுப்ப முன்வந்தார். 1967இல் தமிழகத்தில் தி.மு.க.வுடனும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடனும் ஓரணியில் நின்றார். கேரளத்தில் அதே ஆண்டு அமைந்த மந்திரிசபையில் லீகும் இடம்பெற்றது.

தனித் தொகுதி இன்றேல் சமுதாயத்தின் குரலே அடங்கிவிடும் என அஞ்சியவர், பொதுத் தொகுதியிலேயே பிற சமூகத்தாருடன் உடன்பாடு கண்டு அக்குரலை ஒலிக்கச் செய்யலாம் என்பதைத் தம் வாழ்வின் பிற்பகுதியில் செயலால் காட்டினார். 1949இல் அவர் கூறிய அச்சம் முற்றிலும் பொய்யென்றும் சொல்ல இயலாது. பட்டேல் கூறிய நம்பிக்கை முற்றிலும் நிறைவேறியதென்றும் சொல்ல இயலாது. ஆயினும் தோற்ற கருத்தைத் தூக்கி எறியாமலும், தோல்வியைக் காரணம் காட்டி நாட்டோடு பிணங்காமலும் அவர் வாழ்ந்தார். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் வஃபாத்தானபோது சமய வேறுபாடின்றித் தலைவர்களும் மக்களும் கூடிப் பிரியாவிடை அளித்தனர். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அவருடைய அடக்கத்தலம் அமைந்துள்ளது.

நாம் கேட்க வேண்டியவை

இவ்வரலாற்றை எடுத்துரைப்பதன் நோக்கம் எந்தக் கட்சிக்கும் வாக்குச் சேகரிப்பதன்று. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது தேர்தல் சட்டப்படி குற்றமாகும். வழிபாட்டுத் தலங்களை அரசியல் காரியங்களுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மிம்பர் எவருடைய சின்னத்துக்கும் மேடையாகாது, ஆகவும் கூடாது. ஆனால் வாக்கு என்பது ஓர் அமானிதம். அதை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று விசாரித்தறிதல் ஒவ்வொருவர் மீதும் கடமையன்றோ?

சட்டமன்றத்தின் அதிகாரம் எதுவரை என்பதை முதலில் அறிய வேண்டும். காவல்துறை, விவசாயம், நிலம், மருத்துவம், மது ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை. கல்வி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குச் சென்றது. மதுவை எடுத்துக்கொள்வோம்: 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது, 1971இல் அது தளர்த்தப்பட்டது, 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகிறது. இவை யாவும் மாநில ஆட்சியின் முடிவுகள். நம் தெருமுனைக் கடை இருப்பதும் இல்லாததும் நாம் அனுப்பும் உறுப்பினரின் வாயில் அடங்கியுள்ளது. வெளிநாட்டுக் கொள்கை பற்றி ஆவேசமாகப் பேசும் சட்டமன்ற வேட்பாளரிடம், கண்மாய்க்கு நீர்வரத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர், பள்ளிக்கு ஆசிரியர் ஆகியவை குறித்து அவர் கருத்தைப் பணிவோடு கேளுங்கள்.

அடுத்து, அவர் முன்பு உறுப்பினராக இருந்தவராயின் சபையில் என்ன பேசினார் என்பதை விசாரியுங்கள். தெருவில் கூறியதும் சபையில் கூறியதும் ஒன்றாக இருக்கின்றனவா? இஸ்மாயில் சாஹிபின் உரைகள் இன்றும் சபைக் குறிப்புகளில் உள்ளன. பேட்டையில் ஒன்று, டில்லியில் ஒன்று என அவர் பேசினாரல்லர். மேலும், தம்மை மறுத்தோரை அவர் இழித்துரைத்ததில்லை. பிற சமூகத்தை ஏசி நம்மை மகிழ்விக்கும் வேட்பாளர் நமக்கு நன்மை செய்பவரல்லர். நாளை அவர் ஏச்சுக்கு நம் பிள்ளைகளே விலை கொடுக்க நேரும்.

நம் தாய்மார்களுக்கும் ஒரு சொல். முதல் பொதுத்தேர்தலின்போது வட மாநிலங்களில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் பெயரைக் கூறாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் கூறியமையால் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாமல் போயினர். பேகம் அய்ஜாஸ் ரசூல் அரசியல் சட்டம் இயற்றிய சபையில் எழுந்து பேசிய காலத்திலேயே இந்நிலையும் இருந்தது. ஆகவே இல்லத்தரசிகளும் திருமணமாகிப் பிற ஊரிலிருந்து வந்த மருமக்களும் பட்டியலில் தத்தம் பெயர் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு வாக்களிப்பது என்பதில் அவர்களுக்கும் சொந்தக் கருத்து உண்டு என்பதை ஆண்கள் மதித்தல் வேண்டும்.

1946இல் வாக்குரிமை பெற்றிருந்தோர் சிலர்; கேட்கும் வாய்ப்பும் அவர்களுக்கே இருந்தது. இன்று நம் ஊரின் கூலித் தொழிலாளிக்கும் கடை முதலாளிக்கும் ஒரே மதிப்புள்ள ஒரே வாக்கு. இப்பெரும் பேற்றைக் கேள்வி கேளாமல் கைமாற்றிவிடுவது அறிவுடைமையாகாது. வருகின்ற வேட்பாளர் எவராயினும் உபசரிப்போம், அமரச் செய்வோம், அவர் கருத்தைக் கேட்போம், நம் கருத்தை மரியாதையோடு கூறுவோம். அதன்பின் அவரவர் மனச்சான்றுப்படி வாக்களிப்போம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நேரிய சிந்தனையையும், நம் நாட்டுக்கு அமைதியையும், நம் ஊருக்கு ஒற்றுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.